'திருப்பி அடி', 'கண்டுகொள்ளாதே': இரண்டுமே பிள்ளையைத் தனியாக விடுகின்றன

ஆறாம் வகுப்புப் படிக்கும் மகனைப் பள்ளி வேனில் வரும் பெரிய பையன்கள் சில மாதங்களாகப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள், பையைப் பிடுங்கிக் கைமாற்றி விளையாடுகிறார்கள் என்று ஒரு தாய் எழுதியிருக்கிறார். "நாலு அடி திருப்பிக் கொடு, அடங்கிவிடுவார்கள்" என்கிறாராம் அப்பா. "கண்டுகொள்ளாமல் இரு, தானாக ஓய்ந்துவிடும்" என்கிறாராம் பாட்டி. யார் சொல்வது சரி, விளையாட்டுக் கேலிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்கிறார்.

பள்ளி ஆசிரியராகவும் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்பவராகவும் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருவரும் பிள்ளைமேல் உள்ள பாசத்தால்தான் சொல்கிறார்கள். ஆனால் எதிரெதிராகத் தெரியும் இந்த இரண்டு யோசனைகளும், பதினொரு வயதுப் பையன் ஒருவனே இதைத் தீர்த்துக்கொண்டு வீடு வர வேண்டும் என்றுதான் சொல்கின்றன. அவன் தனியாக இருப்பதுதான் சீண்டுபவர்களின் பலம். அந்தத் தனிமையை உடைக்காத எந்த யோசனையும் அவனுக்கு உதவாது.

முதலில் அடையாளம் காண்பதைப் பார்ப்போம். இந்தத் துறையில் ஆய்வுக்கு வழிபோட்டவர் நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஒல்வேயஸ். 1982 இறுதியில் வடக்கு நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமையே காரணமாக இருக்க வேண்டும் என்று தெரியவந்தபோது நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டே பள்ளிகள் அனைத்துக்குமான இயக்கம் ஒன்றை அந்நாட்டு அரசு தொடங்கியது. ஒல்வேயஸ் வகுத்த மூன்று அடையாளங்களைத்தான் இன்றும் உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவருக்கும் இடையே பலம் சமமாக இல்லாதது.

மூன்றாவதைத்தான் நம் வீடுகளில் தவறவிடுகிறோம். பலம் என்றால் உடல்பலம் மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். ஐந்து பேருக்கு எதிரே ஒருவன், பத்தாம் வகுப்புக்கு எதிரே ஆறாம் வகுப்பு, சரளமாக ஆங்கிலம் பேசுகிறவனுக்கு எதிரே தமிழ்வழியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவன், ஊரில் செல்வாக்குள்ள சாதிக்கு எதிரே அது இல்லாத சாதி, நிறம், திக்குவாய், அப்பா இல்லாத வீடு என எல்லாமே பலத்தில் உள்ள வித்தியாசங்கள்தான். ஒல்லியான பெண் பிள்ளை ஒருத்தி, "இவளோடு யாரும் பேசக்கூடாது" என்று ஒரு வார்த்தை சொல்லி வகுப்பையே தன் பக்கம் திருப்பிவிட முடியும். சின்னப் பிள்ளைகள் காய் விட்டு மறுநாளே பழம் விடுவதோடு இதைச் சேர்த்துவிடாதீர்கள். காய் விடுவது இரண்டு பேருக்கு இடையிலான சண்டை. ஊரைக் கூட்டி ஒருத்தியை ஒதுக்குவது அடி விழாத அடி.

பிள்ளைக்கு இதையெல்லாம் பாடமாக நடத்த வேண்டியதில்லை. மூன்று கேள்விகளைப் பழக்கிவிட்டால் போதும். நீயும் சேர்ந்து சிரிக்கிறாயா? "போதும்" என்று நீ சொன்னால் நிறுத்துகிறார்களா? கேலி ஆள் மாறி ஆள் மேல் வருகிறதா, எப்போதும் உன் மேலேயே வருகிறதா? என் வகுப்பில் 'தவக்களை' என்றும் 'நெட்டைக்கொக்கு' என்றும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்ட இரண்டு பையன்கள் உண்டு. ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவன் அவன் வீட்டு வாசலில் நிற்பான். அது நட்பு. உங்கள் மகன் "விடு" என்று கெஞ்சிய பிறகும் பை கைமாறுகிறது. அது வேறு. "சும்மா விளையாட்டுக்குத்தான்" என்று செய்தவர்கள் சொல்வதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். விளையாட்டு என்றால் இரு தரப்பும் விளையாட வேண்டும்.

பல பிள்ளைகள் சொல்லவே மாட்டார்கள். சொன்னால் அம்மா அழுவாள், அப்பா பள்ளிக்கு வந்து சத்தம் போடுவார், நாளைக்கு வேனில் இன்னும் மோசமாகும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதனால் நாம்தான் கவனிக்க வேண்டும். பேனா, ஜியாமெட்ரி பாக்ஸ், தண்ணீர் பாட்டில் அடிக்கடி தொலைவது. ஞாயிறு சாயங்காலம் வயிற்று வலி. குறிப்பிட்ட ஒரு கிழமையில் மட்டும் பள்ளிக்குப் போக மறுப்பது. அன்றைக்கு விளையாட்டு பீரியட் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கழிப்பறைக்கு ஓடுவது. பள்ளியின் கழிப்பறையில் ஆசிரியர் கண் படாது என்பதால் பல பிள்ளைகள் அங்கே போகவே பயந்து நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருப்பார்கள். காரணம் சொல்லாமல் கூடுதலாகப் பத்து ரூபாய், இருபது ரூபாய் கேட்பது.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். கடலோர ஊரிலிருந்து வந்து சேர்ந்தவள். அவள் டிபனைத் திறந்தால் சுற்றியிருந்தவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். ஒருத்தி ஜன்னலைத் திறப்பாள். யாரும் ஒரு வார்த்தை திட்டியதில்லை, தொட்டதில்லை. சில நாளில் அவள் டிபனைத் திறப்பதையே நிறுத்திவிட்டாள். மூடி திறக்காத டப்பா அப்படியே வீடு திரும்பியது. அம்மா அதைப் பசியில்லாத நோய் என்று நினைத்து டாக்டரிடம் கூட்டிப்போய் டானிக் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "இவளை யாராவது அடித்தார்களா" என்று விசாரித்திருந்தால் வகுப்பே "இல்லை சார்" என்று உண்மையைத்தான் சொல்லியிருக்கும்.

ஆகவே கேட்கும் விதம் முக்கியம். "யாராவது உன்னை ஏதாவது செய்தார்களா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில் தயாராக இருக்கும். இடத்தையும் நேரத்தையும் கேளுங்கள். சாப்பாட்டு இடைவேளையில் யாரோடு உட்கார்ந்தாய்? வேனில் இன்றைக்கு எந்த சீட்? உங்கள் வகுப்பில் எல்லோரும் அதிகமாகக் கிண்டல் செய்வது யாரை? இந்தக் கடைசிக் கேள்வி பல கதவுகளைத் திறக்கும். தன் கதையையே வேறொருவன் கதையாகப் பிள்ளைகள் சொல்லத் தொடங்குவார்கள். நேருக்கு நேர் உட்காரவைத்து விசாரிப்பதைவிட பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, வெங்காயம் உரிக்கும்போது, விளக்கணைத்துப் படுத்த பிறகு பேச்சு இயல்பாக வரும்.

சொல்லிவிட்டான் என்றால் அடுத்த ஐந்து நிமிடம் மிக முக்கியமானது. "நீ என்ன செய்தாய்?" என்பது நம் வாயில் முதலில் வரும் கேள்வி. அதை விழுங்கிவிடுங்கள். அந்தக் கேள்வி அவனுக்குக் குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். "சொன்னது நல்லது. இதில் உன் தப்பு எதுவும் இல்லை. இனி நாம் சேர்ந்து பார்ப்போம்." இவ்வளவு போதும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. "உன்னிடம் சொல்லாமல் எதையும் செய்ய மாட்டேன்" என்பது காப்பாற்றக்கூடிய வாக்கு.

இனி அப்பாவின் யோசனைக்கு வருகிறேன். திருப்பி அடித்து அடங்கிய கதை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்று இருக்கும். அடித்து, மறுநாள் நாலு பேராக வந்து வாங்கிய கதைகளை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை, அதனால் அவை நம் காதுக்கு வருவதில்லை. பலம் சமமாக இல்லாத இடத்தில்தான் இந்தக் கொடுமையே நடக்கிறது. அங்கே சின்னவனை அடிக்கச் சொல்வது தோற்கப்போகும் சண்டைக்கு அனுப்புவது. தப்பித் தவறி அவன் அடி பலமாக விழுந்துவிட்டால் தலைமையாசிரியர் அறையில் நிற்கப்போவதும் அவன்தான். பிடித்து அழுத்தினால் உதறிக்கொண்டு, உரக்கக் கத்தி, பெரியவர் இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள், அது தற்காப்பு.

பாட்டியின் யோசனையில் பாதி உண்மை இருக்கிறது. அழுகையும் கோபமும்தான் சீண்டுபவர்களுக்கு வேடிக்கை. ஆனால் உள்ளே கொதித்துக்கொண்டு வெளியே சும்மா இருப்பது ஆறாம் வகுப்புப் பிள்ளையால் எத்தனை நாள் முடியும்? கண்டுகொள்ளாமல் இருப்பவனை எப்படியாவது அழவைப்பது என்பதே சிலருக்கு அடுத்த விளையாட்டாகிவிடும்.

இரண்டுக்கும் நடுவே, செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு சிறிய வாக்கியம், பிறகு இடத்தை விட்டு விலகுவது. "என் பெயர் அது இல்லை." "பையைக் கொடு." குரலை உயர்த்தாமல், முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வேன் உதவியாளரின் பக்கத்திலோ நண்பர்களின் பக்கத்திலோ போய் உட்கார்ந்துவிட வேண்டும். பதிலுக்குப் பட்டப்பெயர் வைப்பது, அவர்கள் குடும்பத்தை இழுப்பது எல்லாம் வேண்டாம். ஜெயிப்பது நோக்கம் இல்லை, வெளியே வருவதுதான் நோக்கம். இதை வீட்டில் நடித்துப் பழக வேண்டும். சோபாவை வேன் சீட்டாக்குங்கள். அப்பாவே அந்தப் பெரிய பையனாக நடிக்கட்டும், பையைப் பிடுங்கட்டும். முதல் இரண்டு தடவை பிள்ளை சிரித்துவிடுவான், மூன்றாவது தடவை குரல் நடுங்கும், பிறகு நிலைக்கு வரும். ஒரு வாரம் பழகிய வாக்கியம்தான் பயத்திலும் வாயில் வரும்.

ஆசிரியரிடம் சொன்னால் 'கோள் சொல்லி' என்று பெயர் வரும் என்ற அச்சத்தையும் பேசித் தீர்க்க வேண்டும். ஒருவனை மாட்டிவிட வேண்டும் என்பதற்காகவே சொல்வதுதான் கோள். யாரோ ஒருவருக்கு வலிக்கிறது, அதை நிறுத்த வேண்டும் என்று சொல்வது உதவி கேட்பது. அந்த ஒருவர் தானாகவும் இருக்கலாம் என்பது பிள்ளைக்குப் புரிய வேண்டும்.

இதுவரை சொன்னதைவிட வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைப் பற்றிய விஷயம் பெரிது என்று நினைக்கிறேன். கனடாவின் டொராண்டோ நகரில் ஆய்வாளர்கள் தொடக்கப்பள்ளி மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்துப் பதிவு செய்தார்கள். 2001இல் வெளியான அந்த ஆய்வின்படி, சீண்டல் நடந்த பத்தில் ஏறக்குறைய ஒன்பது தடவை மற்ற பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். தலையிட்டதோ ஐந்தில் ஒரு தடவை மட்டும். அப்படித் தலையிட்டபோது பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் பத்தே நொடியில் சீண்டல் நின்றுபோனது. பார்வையாளர் இல்லாவிட்டால் இந்தக் கூத்து நடக்காது. பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கிவா' என்ற பள்ளித் திட்டமும் இந்த நடுவில் நிற்கும் கூட்டத்தை மாற்றுவதையே மையமாக வைத்திருக்கிறது.

நடுவில் நிற்பவன் வீரனாக வேண்டியதில்லை. சீண்டுபவனைத் தட்டிக் கேட்க எல்லாப் பிள்ளைகளாலும் முடியாது. சீண்டப்படுகிறவனை "வா, போகலாம்" என்று கூப்பிட்டுக்கொள்ள முடியும். சிரிக்காமல் இருக்க முடியும். பக்கத்தில் உட்கார முடியும். டிபன் திறக்காத அந்தப் பெண்ணின் விஷயத்தில் நான் வகுப்புக்கு உபதேசம் செய்யவில்லை. நல்ல மனமுள்ள இரண்டு பெண்களைத் தனியாக அழைத்து, மதியம் அவளோடு உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்று கேட்டேன். முதல் நாள் மூவரும் பேசாமலே சாப்பிட்டார்கள். ஒரு வாரத்தில் அவள் கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்புக்குக் கை நீண்டது. ஜன்னல் பக்கத்துப் பெண் பிறகு மூக்கைப் பொத்தவில்லை. அவளோடு சேர்ந்து சிரிக்க ஆள் இல்லை. உங்கள் மகன் போகும் வேனிலும் அப்படி ஒரு பிள்ளை நிச்சயம் இருப்பான். அதே நிறுத்தத்தில் ஏறும் பையனின் அம்மாவிடம் பேசி, இருவரையும் ஒன்றாக உட்காரச் சொல்லுங்கள்.

வேன் என்பதால் இன்னொன்று. வகுப்பறையில் ஆசிரியர் இருக்கிறார். வேனில் பின்சீட்டுப் பக்கம் ஓட்டுநரின் கண் போகாது. தமிழ்நாட்டின் 2012ஆம் ஆண்டுப் பள்ளிப் பேருந்து விதிகளின்படி வண்டியில் உதவியாளர் ஒருவர் இருக்க வேண்டும். இருக்கிறாரா, இருந்தால் எங்கே உட்காருகிறார் என்று கேளுங்கள். சிறிய வகுப்புப் பிள்ளைகள் முன்னால், பெரியவர்கள் பின்னால், உதவியாளர் நடுவில் என்று இடத்தை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பள்ளிக்குப் போகும்முன் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: தேதி, இடம், யார், என்ன சொன்னார்கள், யார் பார்த்தார்கள். கோபத்தோடு போனால் உங்கள் கோபத்தைப் பற்றித்தான் பேச்சு ஓடும். முதலில் வகுப்பாசிரியர், பிறகு தலைமையாசிரியர், எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். "அவர்களைத் தண்டியுங்கள்" என்று கேட்பதைவிட, யார் கண்காணிப்பார்கள், என்ன மாறும், எந்தத் தேதியில் மீண்டும் பேசலாம் என்று கேளுங்கள். சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் இதற்கென ஒரு குழு இருக்க வேண்டும் என்று 2015லேயே வாரியம் வழிகாட்டியிருக்கிறது. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது; பிள்ளைகளே புகார் எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டியும் இருக்கிறது.

இரண்டைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பையன்களைப் பள்ளி வாசலில் நீங்களே நிறுத்தி மிரட்டாதீர்கள்; அவர்களும் பிள்ளைகள்தான், அந்தக் குடும்பங்களோடு தகராறாகும். இரண்டு தரப்பையும் எதிரெதிரே நிறுத்தி "கை கொடுத்துக்கொள்ளுங்கள்" என்று சமாதானம் செய்துவைக்கும் வழக்கத்துக்கும் சம்மதிக்காதீர்கள். சமமானவர்களின் சண்டைக்குச் சமாதானம் பொருந்தும். கொடுமைப்பட்டவனைக் கொடுமை செய்தவன் முன்னால் நிறுத்திக் கை நீட்டச் சொன்னால், அவனுக்கு அது இரண்டாவது தோல்வி.

புகார் கொடுத்த பிறகு வரும் நேரம் ஆபத்தானது என்பதை நாம் மறக்கக்கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. சக மாணவர்களின் சாதிவெறிச் சீண்டலைத் தாங்க முடியாமல் பிளஸ் டூ மாணவன் ஒருவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். விஷயம் பள்ளிக்குத் தெரியவந்த பிறகு, சீண்டிய மாணவர்கள் இரவில் வீடு புகுந்து அவனையும் தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அவர்கள் பிழைத்தார்கள், அவன் அடுத்த ஆண்டுத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தான். அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, கையில் கட்டும் சாதி நிறக் கயிறுகளைத் தடை செய்வது, பள்ளிகளில் நல அலுவலர்களை நியமிப்பது உட்படப் பல பரிந்துரைகளை 2024 ஜூனில் அரசிடம் கொடுத்தது. தென்மாவட்டப் பள்ளிகளில் 'சும்மா கேலி' என்று கடந்துபோகும் ஒவ்வொரு சாதிப் பேச்சையும் அந்த வீட்டு வாசலை நினைத்துக்கொண்டு கேட்க வேண்டும். சொன்ன பிள்ளையின் பெயர் வெளியே போகாமல் காப்பதும், அன்று அவன் எப்படி வீடு போகிறான் என்று பார்ப்பதும் புகாரை வாங்கியவரின் பொறுப்பு.

பட்டப்பெயர்கள் பல நேரம் பெரியவர்கள் வாயிலிருந்துதான் பிறக்கின்றன. "ஏய் குண்டு, எழுந்திரு" என்று ஒரு ஆசிரியர் ஒரு தடவை சொன்னால் போதும், அந்தப் பிள்ளைக்கு ஐந்து ஆண்டுக்கு அதுதான் பெயர். மாணவரை மனரீதியாகத் துன்புறுத்துவதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு தடை செய்கிறது என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் நினைவில் வைக்க வேண்டும். வீட்டிலும் "கருவாச்சி", "மக்கு" என்று செல்லமாகவே கூப்பிட்டு வளர்த்தால், வெளியே அதே சொல் கேட்கும்போது எதிர்க்க வேண்டும் என்பதே பிள்ளைக்குத் தோன்றாது.

செல்போனில் நடப்பது தனி. குழுவில் படத்தைப் போட்டு ஸ்டிக்கராக்கிச் சிரிப்பது, போலிக் கணக்கு தொடங்குவது எல்லாம் வீட்டுக்குள்ளும் துரத்தி வரும். அழிப்பதற்கு முன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள். பதில் போட வேண்டாம். அவனுடைய போனைப் பிடுங்கிவைத்தால் அடுத்த தடவை உங்களிடம் சொல்ல மாட்டான். மிரட்டலோ ஆபாசப் படமோ என்றால் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். உடலைத் தவறாகத் தொட்டிருந்தால் அது போக்சோ சட்டத்துக்குள் வரும். பள்ளிக்குள் பேசி முடிக்கும் விஷயமே இல்லை.

உங்கள் பிள்ளைதான் சீண்டுபவன் என்று தெரியவந்தால்? அந்த வேனின் பின்சீட்டுப் பையன்களுக்கும் அம்மா அப்பா இருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மறுக்காதீர்கள், பெல்ட்டை எடுக்காதீர்கள். அடி வாங்கியவன் பலமுள்ளவன் அடிக்கலாம் என்ற பாடத்தைத்தான் மறுபடி படிக்கிறான். செய்ததை அவன் வாயால் சொல்லவைத்து, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவைத்து, வேனில் முன்சீட்டில் உதவியாளர் பக்கத்தில் உட்காரவைத்து, வாரம் ஒரு முறை பள்ளியில் விசாரியுங்கள். அவனை வேறு எங்காவது யாராவது இப்படி நடத்துகிறார்களா என்றும் பாருங்கள்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, "நான் இல்லாமல் போனால் நல்லது" என்பதுபோல ஒரு பேச்சு வந்தால் தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடமோ மனநல ஆலோசகரிடமோ போங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வி உதவி எண் 14417, மனநல உதவிக்கு 14416. பிள்ளையே கூப்பிடலாம் என்பதால் இவற்றை அவனுடைய பள்ளி டைரியிலும் எழுதிவையுங்கள்.

புகார் கொடுத்து சில நாளில் வேன் அமைதியாகிவிடும். அத்தோடு விட்டுவிடாதீர்கள். நின்றதுபோல் தெரிந்து மைதானத்துக்கும் கழிப்பறை வழிக்கும் இடம் மாறியிருக்கக்கூடும். இரண்டு மூன்று மாதத்துக்கு வாரம் ஒரு தடவை அதே கேள்வியைக் கேளுங்கள்: இன்றைக்கு எந்த சீட், பக்கத்தில் யார்?